2027 ஜனவரி வரை செல்லுபடியாகும் கடவுச்சீட்டு: ஆகஸ்டில் பாரிஸ் போகலாமா?

வாசன்_ஈஸ்ட்ஹாம்
எல்லோருக்கும் வணக்கம். 2026 ஆகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு பாரிஸ் போக இருக்கிறோம். லா சப்பேலில் மாணிக்க விநாயகர் தேர் பார்த்துவிட்டு, அப்படியே ஜெர்மனியில் தங்கை வீட்டுக்கும் போய் வர எண்ணம். டோவரில் காரை கப்பலில் ஏற்றிப் போகிறோம். நாலு பேருக்கும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுதான். மனைவி, பிள்ளைகளுடையது எல்லாம் புதிது. என்னுடையதில் வழங்கிய தேதி 22 ஜூலை 2016, முடியும் தேதி 22 ஜனவரி 2027. பயணம் முடிந்த பிறகும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் கூட வேலை செய்பவர் ஒருவர், "இதைக் கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்கிறார். எனக்கு விளங்கவில்லை. முடியும் தேதி தாண்டவில்லையே?

டூட்டிங்_தம்பி
தாராளமாகப் போகலாம் அண்ணா. திரும்பி வந்த பிறகு 3 மாதம் இருந்தால் போதும். உங்களுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது.

டிக்கெட்_ரவி
தம்பி, பொறுங்கள். வாசன் அண்ணா, நான் டிக்கெட் தொழிலில் இருப்பவன். உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி.

ஷெங்கன், அதாவது ஒரே எல்லை விதியில் இயங்கும் ஐரோப்பிய நாடுகளுக்குள் போகும் பிரிட்டிஷ்காரருக்கு இரண்டு விதி இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது ஒன்று. தம்பி சொன்னது அது. மற்றது, உள்ளே நுழையும் நாளன்று கடவுச்சீட்டு வழங்கப்பட்டு 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. உங்களுடையதற்கு ஜூலை 22 ஆம் தேதியோடு 10 ஆண்டு. ஆகஸ்ட் கடைசியில் நீங்கள் டோவர் போகும்போது அது ஐரோப்பாவின் கணக்கில் காலாவதி. ஜனவரி 2027 என்று அச்சடித்திருப்பதை அங்கே யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

10 ஆண்டுக்கு மேல் அந்த ஆறு மாதம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் பழைய கடவுச்சீட்டு முடியும் முன்னரே புதுப்பித்தால், மிச்சமிருக்கும் மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுப்பார்கள். 9 மாதம் வரைகூடச் சேர்ப்பார்கள். 2018 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் எடுத்த பல கடவுச்சீட்டுகள் இப்படி 10 ஆண்டும் சில மாதமுமாக இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. 2016, 2017 இல் எடுத்தவர்கள் எல்லோரும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுடையது 5 ஆண்டுதான் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் கிடையாது.

வாசன்_ஈஸ்ட்ஹாம்
அப்படியென்றால் ஜூலையில் போனால்?

டிக்கெட்_ரவி
ஜூலை 22 க்கு முன் நுழைந்தால் சரி. 10 ஆண்டு என்பது நுழையும் நாளுக்கு மட்டுமே. ஜூலை 20 போய் ஆகஸ்ட் 2 திரும்பினாலும் சட்டப்படி குற்றமில்லை, ஏனென்றால் 3 மாதக் கணக்குக்கு முடியும் தேதியைத்தான் பார்ப்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "10 ஆண்டுக்குள்ளேயே 3 மாதமும் மிச்சம் வேண்டும்" என்று சில விமான நிறுவனங்கள் ஆட்களை நிறுத்தி, 2022 இல் பெரிய கலாட்டாவே நடந்தது. இரண்டும் வேறு வேறு என்று ஐரோப்பிய ஆணையம் அப்போது தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஹரோ_மாலதி
எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் இதே காரணத்தால் விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. எல்லை அதிகாரி வரைக்கும் போகவே இல்லை. பெட்டி போடும் கவுண்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டைத் திருப்பி, வழங்கிய தேதியில் விரலை வைத்துக் காட்டி, "மன்னிக்கவும், உங்களை ஏற்ற முடியாது" என்று சொல்லிவிட்டாராம். மற்ற மூன்று பேருக்கும் போர்டிங் பாஸ் கையில். அப்பாவுக்கு மட்டும் இல்லை. கடைசியில் ஒருவருமே போகவில்லை. டிக்கெட் காசும் ஹோட்டல் காசும் போனதுதான். பத்திரங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு என்று சொல்லிவிடுவார்கள், பயணக் காப்புறுதியும் பெரும்பாலும் இதற்குக் கொடுக்காது.

வாசன்_ஈஸ்ட்ஹாம்
சரி, இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நமது அரசாங்கம் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த ஆறு மாதம். அதை இன்னொருவர் செல்லாது என்பது எந்த ஊர் நியாயம்?

குரொய்டன்_குமரன்
எல்லாம் பழிவாங்கல் அண்ணா. பிரெக்ஸிட்டுக்கு வாக்குப் போட்டதற்கு ஐரோப்பா நம்மைத் தண்டிக்கிறது. இனி விரல் ரேகை, முகப்படம், அப்புறம் எட்டியாஸ் என்கிற பயண முன் அனுமதிக்கு 20 யூரோ. குற்றவாளி மாதிரி நடத்துகிறார்கள்.

லூவிஷம்_பெரியவர்
குமரன் தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் பழிவாங்கல் என்று சொல்ல முடியாது. அந்த 10 ஆண்டு விதி ஷெங்கன் எல்லைச் சட்டத்தில் 2013 ஜூலையில் சேர்க்கப்பட்டது. பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்ததே 2016 இல். 2013 இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தது, அதனால் விதி நம்மைத் தொடவில்லை. மற்றவர்களைத் தொட்டது. 2021 ஜனவரி 1 அன்று நாமும் அந்த "மற்றவர்கள்" பட்டியலில் சேர்ந்தோம், அவ்வளவுதான். நமக்கென்று புதிதாக எதுவும் எழுதவில்லை. வெளியே போகிறோம் என்று வாக்களித்தவர்களுக்கு, வெளியில் இருப்பவர்களுக்கு என்ன விதி என்று யாராவது எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. என் குறை அங்கேதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த இழையில் இருக்கும் பாதிப் பேர் ஒரு காலத்தில் இலங்கைக் கடவுச்சீட்டோடு அலைந்தவர்கள். பாரிஸில் இருக்கும் தம்பியின் கல்யாணத்துக்குப் போக விசாவுக்கு நின்றோம். வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காப்புறுதி, தங்குமிடக் கடிதம் என்று ஒரு கோப்பே கட்டினோம். எல்லையில் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்போது அதை யாரும் தண்டனை என்று சொல்லவில்லை, "நடைமுறை" என்றார்கள். இப்போது அதில் கால்வாசி நம் பக்கம் வந்ததும் சத்தம் போடுகிறோம்.

குரொய்டன்_குமரன்
அப்போது பட்டது போதாதென்று இப்போதும் படவா குடியுரிமை எடுத்தோம் ஐயா? அந்த வரிசையில் இருந்து தப்பத்தானே நானூறு கேள்வி படித்துப் பரீட்சை எழுதினோம்!

லூவிஷம்_பெரியவர்
அதைச் சொன்னாய் பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சிவா_மெட்வே
அரசியல் போதும். விரல் ரேகை விஷயம் பலருக்கும் குழப்பமாக இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஈ.ஈ.எஸ். என்கிற நுழைவு-வெளியேற்றப் பதிவு 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாக. 2026 ஏப்ரல் 10 க்குள் எல்லா எல்லைகளிலும் முழுமையாக வர வேண்டும் என்று கெடு. 29 நாடுகள்: ஒன்றியத்தில் 25, அதோடு சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன். அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை.

முதல் தடவை கடவுச்சீட்டை ஸ்கேன் செய்து, முகத்தைப் படம் எடுத்து, நாலு விரல் ரேகை வாங்குவார்கள். 12 வயதுக்குக் கீழே ரேகை இல்லை, படம் மட்டும். காசு கிடையாது. முன்கூட்டியே இணையத்தில் "ஈ.ஈ.எஸ். பதிவு செய்து தருகிறோம்" என்று பணம் கேட்கும் தளம் எதுவானாலும் ஏமாற்று. பதிவு 3 ஆண்டு இருக்கும், அதற்குள் மறுபடி போனால் சரிபார்ப்பு மட்டும்தான்.

டோவர், ஃபோக்ஸ்டன் சுரங்க ரயில், சென் பாங்க்ராஸ் யூரோஸ்டார், இந்த மூன்று இடத்திலும் பிரெஞ்சுப் பொலிஸ் இங்கே, இங்கிலாந்து மண்ணிலேயே நின்று பார்ப்பார்கள். வாசன் அண்ணாவைத் திருப்புவதென்றால் பிரான்ஸ் கரையில், கலேயில் இல்லை, டோவரிலேயே திருப்பிவிடுவார்கள். டோவரில் முதலில் கோச், லாரிக்காரர்களுக்குத்தான் தொடங்கினார்கள், கார்களுக்குப் பிறகு. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 2025 டிசம்பர் கடைசியில் லிஸ்பன் விமான நிலையத்தில் கூட்டம் தாங்காமல் இந்த முறையையே மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். தண்ணீர், சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட ஏதாவது காருக்குள் இருக்கட்டும்.

ஹரோ_மாலதி
என் அம்மாவோடு போனபோது நடந்ததைச் சொல்கிறேன், எந்த விமான நிலையம் என்று வேண்டாம். இயந்திரம் அம்மாவின் ரேகையை வாங்கவே மாட்டேன் என்றது. ஆயுள் முழுக்கத் தேங்காய் துருவி, பாத்திரம் தேய்த்த கை. விரல் நுனி வழுவழுவென்று இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் வைத்து அழுத்துகிறார், சிவப்பு விளக்கு. எடுத்து வைக்கிறார், மறுபடி சிவப்பு. பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் ஏதாவது பிழை செய்தேனா?" என்கிறார். கடைசியில் கூண்டில் இருந்த அதிகாரி எங்களைக் கூப்பிட்டு, ஈரத் தாளால் விரலைத் துடைக்கச் சொல்லி, தன் கையால் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து வாங்கினார். நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல் நேரே அதிகாரியிடம் போங்கள்.

ராணி_அம்மா_சறே
பிள்ளைகளே, எனக்கும் ஒரு கேள்வி. நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். மகள் ஜெர்மனியில், டோர்ட்முண்டில், பிரசவம் நெருங்குகிறது. 2026 பிப்ரவரி 10 போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். பிறகு கோடையில் மறுபடி போகலாமா? ஒரு வாரம் இங்கே வந்து தலை காட்டிவிட்டுப் போனால் புதுக் கணக்கு என்று கோயிலில் ஒருவர் சொன்னார்.

டிக்கெட்_ரவி
அம்மா, கோயிலில் சொன்னதை நம்ப வேண்டாம். விசா இல்லாமல் ஷெங்கனில் 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம். வெளியே வந்துவிட்டுப் போனால் கணக்கு பூச்சியமாகாது. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதில் எத்தனை நாள் ஷெங்கனில் இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள். போன நாளும் வந்த நாளும் சேரும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் ஒரே கணக்கு.

பிப்ரவரி 10 போனால் மே 10 தான் உங்கள் 90 ஆவது நாள். அன்று கட்டாயம் வெளியே வந்துவிட வேண்டும். "மூன்று மாதம்" என்று வாய்க்கணக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், மாதங்களில் 31 இருக்கிறது. அப்புறம் ஆகஸ்ட் 9 வரை போக முடியாது. அன்றிலிருந்து பழைய நாள் ஒவ்வொன்றாகக் கணக்கை விட்டு விழும், அதனால் தொடர்ந்து நிற்கலாம். முன்பு முத்திரை தெளிவில்லை, அதிகாரி கவனிக்கவில்லை என்று தப்பியவர்கள் உண்டு. இனி கணினியே எண்ணிக் காட்டும். வெளியேறிய பதிவே இல்லாமல் கூடுதலாக நின்றால் அது 5 ஆண்டு அங்கேயே கிடக்கும், அடுத்த பயணத்தில் முகத்துக்கு நேரே வரும்.

ராணி_அம்மா_சறே
அப்படியானால் மே 7 க்கே டிக்கெட் போடச் சொல்கிறேன். விமானம் ஒரு நாள் பிந்தினால் கூட வம்பு. நன்றி தம்பி.

பவானி_லாகூர்நெவ்
நான் பாரிஸ் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். லண்டனில் இருந்து வரும் சொந்தக்காரர் யாரும் யோசிக்காத ஒன்று: ஹோட்டலில் தங்காமல் எங்கள் வீட்டில் தங்கினால், "எங்கே தங்குகிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடிதம் உண்டு. நாங்கள் எங்கள் மேரியில், அதாவது நகராட்சியில் போய், வீட்டுப் பத்திரம், வருமானம் எல்லாம் காட்டி, 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரரிடம் இதைக் கேட்பது அரிது. ஆனால் திரும்பும் டிக்கெட், கையில் காசு, தங்குமிடம் மூன்றையும் கேட்க அவர்களுக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. வாசன் அண்ணா, யார் வீட்டில் தங்குகிறீர்களோ அவர்களுடைய விலாசம், தொலைபேசி எண்ணையாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொலைபேசிக்குள் இருக்கிறது என்று சொல்லி, பற்றரி இறங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டூட்டிங்_தம்பி
சாப்பாடு என்று சிவா அண்ணா சொன்னாரே. அம்மா மட்டன் ரோல்ஸ் போட்டுத் தந்தால் கொண்டு போகலாமா? 😀

சிவா_மெட்வே
கப்பலிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். 2021 இலிருந்து இங்கிருந்து ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருள் எதுவும் போகக் கூடாது. ரோல்ஸ், நெய், தயிர், சீஸ் சாண்ட்விச் எல்லாம் அதில் அடக்கம். குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும் விலக்கு. கருவாடு கொண்டு போகலாம், மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி. (20 கிலோ கருவாட்டோடு யாருடைய காரில் ஏறுவீர்கள் என்பது வேறு விஷயம்.) முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. அர்ச்சனைக்குத் தேங்காயும் வாழைப்பழமும் தாராளமாகக் கொண்டு போங்கள், அவற்றுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

வரும்போதும் கவனம். மாடுகளுக்கு வரும் கால்-வாய் நோய் காரணமாக 2025 ஏப்ரல் 12 இலிருந்து ஐரோப்பாவில் இருந்து இறைச்சி, பால் பொருள், சீஸ் இங்கே கொண்டுவரவும் தடை.

பவானி_லாகூர்நெவ்
இறைச்சியோடு ஒருவரும் வராதீர்கள். இங்கே வாங்கிச் சமைத்துத் தருகிறோம்!

நிலா_மில்ட்டன்கீன்ஸ்
எங்கள் வீட்டு நிலைமை வேறு. நான் நெதர்லாந்தில் வளர்ந்தவள், டச்சுக் கடவுச்சீட்டு, இங்கே செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது நிரந்தரமாக வாழும் உரிமை. கணவருக்கு பிரிட்டிஷ். பிள்ளைகளுக்கு இரண்டும். நான் ஒன்றிய வரிசையில் போனால் அவர் தனியாக மற்ற வரிசையில் நிற்க வேண்டுமா?

டிக்கெட்_ரவி
உங்களுக்கு ஈ.ஈ.எஸ். கிடையாது. பிள்ளைகளையும் டச்சுக் கடவுச்சீட்டில் கூட்டிப் போங்கள், அவர்களுக்கும் 90 நாள் கணக்கு இருக்காது. ஆனால் திரும்பும்போது அவர்களுடைய பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2026 பிப்ரவரி 25 இலிருந்து இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை, பிரிட்டிஷ் கடவுச்சீட்டையோ, குடியுரிமைக்கான சான்றிதழையோ காட்டாமல் இங்கே வரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சான்றிதழுக்கு 2026 தொடக்கக் கணக்கில் 589 பவுண். கடவுச்சீட்டு எடுப்பது எவ்வளவோ மலிவு.

கணவரைப் பொறுத்தவரை, பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி நீங்கள் குடியுரிமை இல்லாத நாட்டுக்குச் சேர்ந்து போகும்போது, ஒன்றியக் குடிமகளின் குடும்பத்தவர் என்ற முறையில் அவர் உங்கள் வரிசையிலேயே வரலாம். கல்யாணப் பதிவுப் பத்திரத்தின் பிரதியை வைத்திருங்கள். அவருடைய கடவுச்சீட்டை அதிகாரி பார்க்கத்தான் செய்வார்.

குரொய்டன்_குமரன்
எட்டியாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆகஸ்டுக்கு வேண்டுமா?

சிவா_மெட்வே
வேண்டாம். 2026 இன் கடைசிக் காலாண்டில்தான் தொடங்கும் என்கிறார்கள். வந்த பிறகு இணையத்தில் விண்ணப்பித்து 20 யூரோ கட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழேயும் 70 க்கு மேலேயும் கட்டணம் இல்லை. 3 ஆண்டு செல்லும், அதற்குள் கடவுச்சீட்டு மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். அதே மாதிரி இங்கே வரும் ஐரோப்பியரிடம் 2025 ஏப்ரலில் இருந்தே பிரிட்டன் ஈ.டி.ஏ. என்கிற பயண முன் அனுமதியைக் கட்டணத்தோடு கேட்கிறது. அதையும் பழிவாங்கல் என்று அவர்கள் சொல்லலாம் இல்லையா குமரன்?

குரொய்டன்_குமரன்
😐

வாசன்_ஈஸ்ட்ஹாம்
விண்ணப்பித்துவிட்டேன். மூன்று வாரம் என்று போட்டிருக்கிறது. பழையதில் மிச்சமிருக்கும் மாதங்கள் போனால் போகட்டும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. மாமியும் எங்களோடு வர ஆசைப்படுகிறார். அவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுதான், இங்கே நிரந்தர வதிவிடம். அவருக்கு விசா வேண்டும் என்று தெரியும். பிரான்சில் எடுப்பதா, ஜெர்மனியில் எடுப்பதா?

டிக்கெட்_ரவி
எந்த நாட்டில் அதிக நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டில். தேருக்கு பாரிஸில் மூன்று நாள், தங்கை வீட்டில் ஒரு வாரம் என்றால் ஜெர்மன் விசா. நாள் சரிசமம் என்றால் முதலில் கால் வைக்கும் நாடு, அதாவது பிரான்ஸ். 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. பயணத்துக்கு 6 மாதம் முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம், எனவே பிப்ரவரி கடைசியில் நாள் எடுக்கப் பாருங்கள். கோடைக்கு அந்த நாட்கள் கிடைப்பதுதான் பெரிய பாடு. மாமியின் கடவுச்சீட்டிலும் வழங்கிய தேதியைப் பாருங்கள், அதே 10 ஆண்டு விதி அவருக்கும் உண்டு.

வாசன்_ஈஸ்ட்ஹாம்
பார்த்தேன். 2017 மார்ச். தப்பித்தார். அவருடைய வதிவிட அட்டை 2024 இல் முடிந்துவிட்டது, இப்போது அட்டைக்குப் பதில் இணையத்தில் இருக்கும் ஈ-விசா என்கிறார்கள். அதை எப்படிக் காட்டுவது?

ஹரோ_மாலதி
அரசாங்கத் தளத்தில் கணக்குத் திறந்து, ஷேர் கோட், அதாவது அவருடைய வதிவிட உரிமையை மற்றவர் பார்க்க உதவும் குறியீடு எடுத்து, பக்கத்தை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள். அம்மாவுக்கு நான்தான் செய்தேன். கணக்கில் மாமியின் இப்போதைய கடவுச்சீட்டு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய எண் கிடந்தால் திரும்பி வரும்போது கவுண்டரில் சிக்கல். தனிமடல் போடுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.